கொடுத்ததும் பறித்ததும்: நிக்கான் டி7500

2017 ஏப்ரலில் நிக்கான் அறிவித்த டி7500 கேமரா, 2015-இல் வந்த டி7200-இன் வாரிசு. ஆனால் சொத்து முழுதாகக் கைமாறவில்லை. தனக்கு மேலே இருந்த டி500-இன் சென்சாரும் எக்ஸ்பீட் 5 செயலியும் டி7500-க்குக் கிடைத்தன. டி7200-இல் இருந்த சில வசதிகளோ காணாமல் போயின. இந்தக் கொடுக்கல் வாங்கலில் லாபம் யாருக்கு?

முதலில் லாபக் கணக்கு. டி7200 நொடிக்கு 6 படம் எடுக்கும். 14 பிட் ரா கோப்பு என்றால் 18 படங்களிலேயே, அதாவது மூன்றே நொடியில், திணறிவிடும். டி7500 நொடிக்கு 8 வீதம் 50 படங்கள் வரை தாங்கும். நீரில் பாயும் மீன்கொத்திக்குக் காத்திருப்பவருக்கு இந்தக் கூடுதல் நொடிகள் பெரிய விஷயம். சாய்க்கக்கூடிய தொடுதிரை இருப்பதால் தரையில் படுக்காமலே தாழ்ந்த கோணத்தில் எடுக்கலாம். எடையும் கொஞ்சம் குறைவு.

மெகாபிக்சல் 24.2-இலிருந்து 20.9 ஆகக் குறைந்ததைப் பலர் குறையாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் அது குறையே இல்லை. படத்தின் அகலம் 6000 பிக்சலிலிருந்து 5568 ஆகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 20 அங்குலத்துக்குப் பதில் பதினெட்டரை. ஆல்பத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதேபோல் 16,40,000 வரை போகும் ஐஎஸ்ஓவும் விளம்பரத்துக்குத்தான். அந்த உச்சத்தில் புள்ளிகளைத் தவிர எதுவும் மிஞ்சாது.

4கே வீடியோ அரைகுறை வரவு. சிறிய சென்சாரால் ஏற்கெனவே குறுகிய காட்சி, அதில் மேலும் ஒன்றரை மடங்கு வெட்டுப்படுகிறது. 18 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக் கேமராவின் 40 மி.மீ. லென்ஸ் போல் குறுகிவிடும். சின்ன மண்டபத்தில் மேடையை முழுதாகப் பிடிக்கச் சுவர் வரை பின்னால் போகவேண்டும்.

உண்மையான நஷ்டம் இரண்டாவது கார்டு ஸ்லாட். 2010-இல் வந்த டி7000 முதல் இந்த வரிசைக்கு அதுதான் அடையாளம். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதியும். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். தாலி கட்டும் நொடியை மறுபடி எடுக்க முடியாது என்பதால் கல்யாண போட்டோகிராபருக்கு இது ஆடம்பரம் அல்ல, காப்பீடு. டி7500-இல் ஒரே ஸ்லாட். பேட்டரி கிரிப் பொருத்தவும் வழியில்லை. பேட்டரியும் 1110 படத்துக்குப் பதில் 950-தான் தாங்கும். 1977 முதல் வந்த பழைய ஏஐ லென்ஸ்கள் டி7200-இல் ஒளியளவோடு வேலை செய்தன. டி7500-இல் மாட்டலாம், மீட்டர் காட்டாது.

இவற்றை நீக்க வேண்டிய தொழில்நுட்பக் கட்டாயம் எதுவும் தெரியவில்லை. அறிமுக விலையும் 1,200 டாலரிலிருந்து 1,250 ஆகக் கூடத்தான் செய்தது. 2,000 டாலர் டி500-இன் சந்தையைக் காக்கவே தம்பியின் கையைக் கட்டினார்கள் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. வியாபாரத்தில் இது புதிதல்ல. ஆனால் வெட்டிய இடம் தவறு. வேகத்தையோ தொடுதிரையையோ குறைத்திருந்தால் வாங்குபவர் கடையிலேயே கவனித்து முடிவெடுப்பார். காப்பு வசதியின் அருமையோ கார்டு கெட்டுப்போகும் நாளில்தான் தெரியவரும்.

ஆகவே பறவை, விளையாட்டு, குடும்பப் படங்கள் என்று எடுப்பவருக்கு டி7500-தான் நல்ல கேமரா, தயங்க வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டு விசேஷம் எடுப்பவருக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய டி7200-ஏ மேல். அவர் விற்பது படத்தை மட்டுமல்ல, படம் கட்டாயம் கைக்கு வரும் என்ற உறுதியையும்.