எபாக்சியும் நெருப்பும்: கூட்டுச் சரக்கின் மரபுகள்

தீத்தடுப்பில் ஒன்றோடு ஒன்றைக் கூட்டும் வழக்கம் பிளாஸ்டிக்குக்கு முந்தையது. நாடக அரங்குத் துணிகளைத் தீயிலிருந்து காக்க வழி தேடச் சொன்ன பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயிக்கு, வேதியியலாளர் கே-லுசாக் 1821-இல் சொன்ன விடை அம்மோனியம் பாஸ்பேட், நவச்சாரம், வெங்காரம் சேர்ந்த கலவை. எபாக்சிப் பிசினில் இன்று நடப்பது அதே வழியின் தொடர்ச்சி.

மூத்த மரபு புரோமினுடையது. மின்சுற்றுப் பலகைகளில் புழங்கும் எஃப்ஆர்-4, டெட்ராபுரோமோ பிஸ்பினால்-ஏ என்ற சேர்மத்தைப் பிசின் சங்கிலியிலேயே கோத்தது. சூட்டில் வெளியேறும் ஹைட்ரஜன் புரோமைடு, சுடருக்குள் புகுந்து எரிதலை நடத்தும் தனி உறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும். இதற்குத் துணையாகச் சேர்க்கும் ஆன்டிமனி ட்ரையாக்சைடு தனியே பெரிதாக ஒன்றும் செய்யாது. புரோமினோடு சேர்ந்தால்தான் ஆவியாகிச் சுடரை அடக்கும். கூட்டு வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அதே புரோமினோடு மலிவுக்காகச் சுண்ணாம்புக் கார்பனேட் நிரப்பினால், அது அமில வாயுவை விழுங்கிக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்தது கரி மரபு. பாஸ்பரஸ் சூட்டில் அமிலமாகி, பிசினிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளிலிருந்து நீரைப் பறித்துக் கரிப்படலம் கட்டும். மெலமின் சேர்ந்தால் எரியாத வாயு கரியை உப்பவைக்கும். சிலிக்கன் சேர்ந்தால் மேற்பரப்பில் சிலிக்கா தேங்கிக் கரி உறுதிப்படும். டோப்போ வகைச் சேர்மங்களோ பாஸ்பரஸ் குடும்பமாயிருந்தும் பெரும்பாலும் சுடரிலேயே வேலை செய்வதால், இந்த மரபுப் பிரிவினையையே குழப்புகின்றன. இவ்விரு மரபிலும் சேராத அலுமினியம் ஹைட்ராக்சைடு நீர் விட்டுக் குளிர்விக்கும். ஆனால் பாதி எடைக்கு நிரப்பினால் பிசின் எளிதில் ஓடாது.

அளவுகோல்கள் விஷயத்தில்தான் நிதானம் தேவை. யுஎல்-94 என்ற எரிதல் சோதனையில் வி-0 தரம் பெற, ஒவ்வொரு முறை சுடர் காட்டி எடுத்த பிறகும் 10 நொடிக்குள் அணைய வேண்டும்; ஐந்து துண்டுகளுக்கும் சேர்த்து 50 நொடியைத் தாண்டக் கூடாது. 1966-இல் ஃபெனிமோரும் மார்ட்டினும் தந்த ஆக்சிஜன் வரம்பு எண்ணும் (பொருள் தொடர்ந்து எரியத் தேவையான குறைந்தபட்ச ஆக்சிஜன் அளவு) சிறு சுடரை வைத்தே பேசுகிறது. இம்மூன்றில் 1980-களில் பாப்ரவுஸ்காஸ் உருவாக்கிய கூம்புக் கலோரிமானி மட்டுமே, பக்கத்தில் பெருந்தீ நிற்கும்போது பொருள் எவ்வளவு வெப்பம் கக்கும் என்று கேட்கிறது. முதல் சோதனையில் வி-0 வாங்கிய பிசின் இதில் தடுமாறுவது அரிதல்ல. உப்பும் கரியை நம்பிய கலவை, கண்ணாடி இழை சேர்ந்ததும் உப்ப இடமின்றித் தோற்பதும் உண்டு.

எனவே ஆய்வுக்கூடத்து இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு தடுப்பான்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்று எழுதுமுன், அதே மொத்த எடையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சேர்த்த பிசினின் அளவீட்டையும் பக்கத்தில் தாருங்கள்.