குளிசை முதலில், பயணம் பிறகு

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால், முதலில் வாய்வு என்றுதான் நினைப்பார்கள். இஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள். வலி அடங்காவிட்டால் டிஸ்பென்சரிக்குப் போவார்கள். பிறகு கிடைத்த வாகனத்திலோ 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸிலோ ஹாலி-எல வழியாகப் பதுளைக்கு. உயிர் காக்கும் மருந்து பல வேளைகளில் அந்தப் பாதையின் கடைசியில்தான் தொடங்குகிறது. நமது மாரடைப்புச் சிகிச்சையின் பெரிய குறை மருந்தில் இல்லை, இந்த வரிசையில் இருக்கிறது.

மருந்துகளின் பலத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்க, குளொபிடோக்ரல் 300 மில்லிகிராம், ஈசிஜியில் அடைப்பு உறுதியானால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 இலட்சம் அலகு, ஒரு மணி நேரத்துக்குள் நாளத்தின் வழியே. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு 17,187 நோயாளிகளிடம் இவற்றில் அஸ்பிரினையும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் சோதித்தது. ஐந்து வாரங்களில் அஸ்பிரின் மட்டும் இதய, இரத்தநாள மரணங்களை 23 சதவீதம் குறைத்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் 25 சதவீதம். இரண்டும் சேர்ந்து 42 சதவீதம். குழாய் செலுத்தி அடைப்பை நீக்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லாத நாட்டில், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் வாங்காமல் இந்த மருந்து ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஏற்றப்படுகிறது என்பது சாதாரண விஷயமல்ல.

ஆனால் இது நேரத்தோடு தேயும் மருந்து. 1986இல் வெளியான இத்தாலியின் கிஸ்ஸி ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களிடம் இறப்பு ஏறக்குறையப் பாதியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது குறைவு 18 சதவீதம்தான். மலைப்பாதையில் கழியும் நேரத்தின் விலை இந்த இரு எண்களுக்கும் இடையில் இருக்கிறது.

இன்னொரு குறையைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றிவிட்டுப் போகக்கூடிய மருந்தல்ல. ஏறும்போதே இரத்த அழுத்தம் சரியலாம்; தாதி வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும், காலை உயர்த்த வேண்டும், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அடைப்புத் திறக்கும் கணத்தில் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். முரசில் இரத்தம் கசிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொண்ணூறாவது நிமிடத்தில் ஈசிஜியைத் திரும்ப எடுத்து, மருந்து வேலை செய்ததா என்று அறிய வேண்டும். ஒரு கட்டிலுக்கு ஒரு தாதி தேவைப்படும் நேரம் இது. இரவு வேளையில் ஒரு விடுதி முழுவதையும் ஓரிருவர் பார்க்கும்போது, மருந்தின் மலிவு தாதியின் தலையில் பாரமாக இறங்குகிறது.

இந்த மருந்து ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியிலிருந்து வருவதால் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். சில நாட்களுக்குப் பின் மறுபடி மாரடைப்பு வந்தால் அதையே மீண்டும் கொடுப்பது வழக்கமல்ல. ஆனால் இந்த மருந்து ஏற்றப்பட்ட செய்தி டயக்னோஸிஸ் காட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, லயன் அறையில் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்க எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

பழக்கத்தால் நீடிக்கும் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சுவலி என்றதுமே ஒக்சிஜன் முகமூடி மாட்டுவது வழக்கம். 2017இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு, இரத்தத்தில் ஒக்சிஜன் அளவு போதுமானவர்களுக்கு அதனால் பயனில்லை என்று காட்டியது. இதயம் நின்றவருக்கு ஏற்றும் அட்ரினலின் மீதும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. பிரித்தானியாவில் 8,014 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 30 நாள் உயிர்பிழைப்பு 2.4 சதவீதத்திலிருந்து 3.2ஆக மட்டுமே உயர்ந்தது. பிழைத்தவர்களில் கடும் மூளைப் பாதிப்பு உள்ளவர்களின் பங்கு கூடியது. அட்ரினலினைக் கைவிடச் சொல்லவில்லை. ஊசியைத் தேடும் கைகளைவிட நெஞ்சை அழுத்தும் கைகளே முதலில் வேண்டும் என்கிறேன். அந்தக் கைகள் மலையிலேயே உருவாகலாம்.

பதுளைக்கு அனுப்பும் முன் டிஸ்பென்சரியிலேயே அஸ்பிரின் குளிசையைக் கொடுக்க வேண்டும் என்கிறேன். அதற்கு எதிரான வாதம் வலுவானதுதான். வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிபவருக்கோ பெருநாடி கிழிந்தவருக்கோ அது கேடு செய்யும். அதனால்தான் குளிசையோடு ஓர் ஈசிஜி கருவியும், படத்தைப் பதுளைக்கு அனுப்பித் தொலைபேசியில் மருத்துவரின் அனுமதி பெறும் ஒழுங்கும் சேர்ந்தே வரவேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிரிஎன் குளிசையை மட்டும் அங்கே அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது. அழுத்தம் குறைந்தவரையும் வலப்பக்க இதயம் பாதிக்கப்பட்டவரையும் அது வீழ்த்திவிடும்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பல டிஸ்பென்சரிகள் இன்றும் அவற்றின் பொறுப்பில்தான் இருக்கின்றன. அங்கே இருப்பவர் பெரும்பாலும் மருத்துவரல்ல, மருத்துவ உதவியாளர். அவருக்குப் பயிற்சியும் எழுத்திலான அதிகாரமும் கொடுப்பது ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கடமை. அடுத்த சம்பளப் பேச்சுக்கு உட்காரும் தொழிற்சங்கங்கள், நாட்கூலியோடு ஈசிஜி கருவியையும் அஸ்பிரினையும் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும்.