முன்பக்கத்தை மட்டுமே நம்பும் செவிக்கருவி

காதுமடலின் பின்னே அமரும் சிறு கூட்டையும், அதிலிருந்து மெல்லிய கம்பி வழியே காதுத் துளைக்குள் செல்லும் நுண் ஒலிபெருக்கியையும் கொண்ட செவித்துணைக் கருவிகள் இன்று தமிழக நகரங்களில் பரவலாக விற்பனையாகின்றன. இங்கு மதிப்பிடப்படுவது ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் நடுத்தர விலை இணையாகும். அதைப் பல வாரங்கள் அணிந்தவர், மூளையின் வலப்பாதியில் ஏற்பட்ட பக்கவாதத்திலிருந்து மீண்டு, இடக்கை வலுவிழந்த நிலையில், வலக்கையில் ஊன்றுகோலுடன் சென்னையில் நாள்தோறும் நடைக்குச் செல்லும் முதியவர் ஒருவர். உட்காதுக்குக் குருதி செலுத்தும் நுண்தமனி அடைபடும் வகைப் பக்கவாதத்தில் செவி திடீரெனக் கெடுவதுண்டு. இவருக்கு நேர்ந்தது அதுவன்று. முதுமையால் முன்பே குறைந்திருந்த செவியோடு, பின்னர் வந்த பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. நீர்த்தடுப்பு, புளூடூத் இணைப்பு, அலைபேசிச் செயலி ஆகியவை இந்த விலையில் எதிர்பார்க்கத்தக்க தரத்தில் உள்ளன; அவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

மின்னேற்றப் பெட்டியை மட்டும் தனியே பாராட்ட வேண்டும். பழைய கருவிகளில் பயன்படும் துத்தநாகக் காற்று மின்கலம், 312 என்னும் அளவில், 7.9 மில்லிமீட்டர் விட்டமே உடையது. அதன் ஒட்டுத்தாளை உரித்து, காற்று உட்புகச் சில நிமிடம் காத்திருந்து, சிறு கதவைத் திறந்து பொருத்துவது இரு கைகளும் நடுங்காதவர்க்கே உரிய வேலை. லித்தியம் அயனி மின்கலம் உள்ளேயே பதிக்கப்பட்ட இக்கருவியை இரவில் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதும், ஒற்றைக் கையால் அனைத்தும் முடிந்துவிடுகிறது. வலக்காதுக்குச் சிவப்பு, இடக்காதுக்கு நீலம் என்னும் அடையாளமும் தெளிவாகத் தெரிகிறது.

பறவைகளைப் பொறுத்தவரை இக்கருவி தரும் இன்பம் உண்மையானது. முதுமைச் செவிக்குறைவு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களை, அதாவது கீச்சொலிகளை, முதலில் பறிப்பதால், செண்பகத்தின் ஆழ்ந்த குரல் கருவியின்றியே இவருக்குக் கேட்டுவந்தது. தேன்சிட்டின் கூரிய குரலோ ஆண்டுக்கணக்கில் இல்லாமலே போயிருந்தது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் அந்தக் குரல் மீண்டும் கேட்டபோது அவர் நடையை நிறுத்தி நின்றுவிட்டார்.

ஆனால் அதே பூங்காவில்தான் இக்கருவியின் பெருங்குறையும் வெளிப்பட்டது. ஒவ்வொரு கூட்டிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஒலிவாங்கிகள் உள்ளன. முன்னிருந்து வரும் ஓசை முதல் ஒலிவாங்கியைத் தொட்ட பின், நொடியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கினும் சற்றுக் குறைந்த நேரத்தில் இரண்டாவதை அடைகிறது. பின்னிருந்து வரும் ஓசைக்கு இந்த வரிசை தலைகீழாகிறது. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கணக்கிட்டு, முன்பக்க ஓசையைத் தக்கவைத்துப் பின்பக்க ஓசையைத் தணிக்கும் முறைக்குத் திசைநோக்கு முறை என்று பெயர். உணவகத்தில் எதிரே அமர்ந்திருப்பவரின் பேச்சைக் கேட்க இது பெருந்துணை. தொல்லை என்னவென்றால், சுற்றிலும் இரைச்சல் மிகும்போதெல்லாம் இம்முறைக்குத் தானாகவே மாறும்படி கருவி அமைக்கப்பட்டுள்ளது; லஸ் சர்ச் சாலையின் வாகன இரைச்சல் பூங்காவுக்குள் வந்து விழுவதும், முன்னே செல்வோர் உரக்கப் பேசிக்கொண்டு நடப்பதும் அதற்கு உணவகமாகவே தோன்றுகின்றன.

கேட்கத்தக்கது எப்போதும் முன்னால்தான் இருக்கும் என்னும் எண்ணம் இந்த வடிவமைப்பின் அடியில் இருக்கிறது. பக்கவாதத்திலிருந்து மீண்டு நடப்பவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. இவருக்கு இரு கண்களின் பார்வைப் புலத்திலும் இடப்பாதி மறைந்துள்ளது. இதனை அரைப்புலக் குருடு என்பர். கழுத்தையும் உடலையும் விரைந்து திருப்பினால் நிலைதடுமாறும் நிலையில், இடப்புறமும் பின்புறமும் என்ன நிகழ்கிறது என்பதை அவருக்குச் சொல்லக்கூடியது செவி ஒன்றுதான். விரைநடையில் பின்னிருந்து முந்துவோரின் காலடி ஓசையும், பூங்காவை விட்டுச் சாலைக்கு வந்ததும் ஓசையடங்கி அணுகும் மின்சார ஸ்கூட்டரின் சக்கர உரசலும் அவருக்கு முன்கூட்டியே எட்ட வேண்டியவை. கருவி தணித்துவிடுவது சரியாக அவற்றைத்தான். இதோடு இன்னொரு இடரும் சேர்கிறது. ஓர் ஓசை முன்னிருந்து வருகிறதா, பின்னிருந்து வருகிறதா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் உயர் அதிர்வெண்களில் செய்யும் நுண்மாற்றங்களைக் கொண்டே மூளை பெரிதும் கண்டறிகிறது. ஒலிவாங்கிகள் மடலுக்கு மேலே அமர்ந்திருப்பதால் அந்த மாற்றங்கள் அவற்றை எட்டுவதில்லை; மென்பொருளால் மடலின் விளைவைப் போலச்செய்யும் முயற்சி இக்கருவியில் இருந்தும், திசைநோக்கு முறை இயங்கத் தொடங்கியதும் அதன் பயன் தெரிவதில்லை.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இதே கருவி வேறுவிதமாக நடந்துகொண்டது. காற்று ஒலிவாங்கியின் துளையில் மோதிச் சுழலும்போது எழும் இரைச்சல் இரண்டு ஒலிவாங்கிகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் திசைநோக்கு முறையில் அது மறையாமல் பெருகுகிறது. இதை அறிந்த வடிவமைப்பாளர்கள், காற்று வீசும்போது கருவி எல்லாத் திசைகளையும் சமமாகக் கேட்கும் முறைக்குத் திரும்பும்படி செய்துள்ளனர். பிற்பகல் கடற்காற்றில் இவருக்கு இரைச்சல் சற்றுத் தொல்லை தந்தபோதிலும், பின்னே வந்த சைக்கிளின் மணி தெளிவாகக் கேட்டது. பூங்காவில் கேட்காதது காற்று இரையும் கடற்கரையில் கேட்கிறது என்றால், திறன் கருவிக்கு இல்லாமலில்லை. அதைப் பயன்படுத்தும் முடிவே பிழையாக எடுக்கப்படுகிறது.

செயலியைத் திறந்து முறையை மாற்றிக்கொள்ளலாம் என்பது விற்பனை நிலையத்தில் கிடைத்த விடை. நடக்கும்போது வலக்கை ஊன்றுகோலைப் பற்றியிருக்கிறது; இடக்கைக்கு அலைபேசியை எடுக்கும் வலுவில்லை. முறையை மாற்ற வேண்டுமானால் சாலையோரத்தில் நின்று, கோலைச் சுவரில் சாய்த்து, பிடிமானமின்றித் திரையைத் தடவ வேண்டும். கூட்டின்மேல் உள்ள பொத்தானை அழுத்தவும் கோலை விட்டே ஆக வேண்டும். வயது முதிர்ந்தோரையே பெரும்பான்மைப் பயனராகக் கொண்ட ஒரு தொழில், அவர்களுள் பலருக்கு ஒரு கை மட்டுமே ஓய்வாக இருக்கும் என்பதையும், அதுவும் நடக்கும்போது ஓய்வாக இராது என்பதையும் எண்ணிப் பாராதது வருத்தத்துக்குரியது.

தீர்வு கருவிக்குள்ளேயே உள்ளது. செவித்திறன் வல்லுநர் தம் கணினி மென்பொருளில், எல்லாத் திசைகளையும் நிலையாகக் கேட்கும் தனி நிரலொன்றை அமைத்து, பெட்டியிலிருந்து எடுத்ததும் அதுவே இயங்கும்படி செய்ய முடியும். உணவகத்துக்கோ திருமண மண்டபத்துக்கோ சென்றால், உட்கார்ந்த இடத்தில் நிதானமாகத் தானியங்கி நிரலுக்கு மாறிக்கொள்ளலாம். இவ்வாறு மாற்றிய பின் பூங்காவில் பின்வரும் காலடிகள் கேட்கத் தொடங்கின. பேச்சுத் தெளிவு சற்றுக் குறைந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. ஆயினும் இந்தத் தொடக்க அமைப்பைப் பயனரே மாற்றிக்கொள்ளும் வசதி செயலியில் இல்லை என்பதும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிலையம் வரை சென்றுவர வேண்டியிருப்பதும் நிறுவனம் களைய வேண்டிய குறைகள். இந்த இணையை வாங்க எண்ணும், நடையில் தடுமாற்றம் உடைய எவரும், மூடிய அறையில் எதிரே அமர்ந்து பேசிக்காட்டும் சோதனையோடு நிறைவடையாமல், நிலையத்தின் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து நின்று, துணைக்கு வந்தவரைப் பின்னாலிருந்து இயல்பான குரலில் அழைக்கச் சொல்லிக் கேட்டுப்பார்த்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.