உரைத்துப் பார்த்த பொன்

பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்போன விருத்தாசலம் போயிருக்கிறீர்களா? 'ஆத்துல போட்டுக் குளத்துல தேடுற' கதை அங்கேதான் ஆரம்பம். இறைவன் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். அதன் அடுத்த பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறோம். எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது! மறுபடி பாடித்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) நாவலைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. தஞ்சம் கேட்டு பிரெஞ்சு அரசுக்கு எழுதும் மனுவோடு நாவல் தொடங்குகிறது. ஊரை விட்டு வந்தவனிடம் மிச்சமிருக்கும் ஒரே பொன் அவனுடைய கதை. அதை ஓர் அதிகாரி உரைத்துப் பார்த்து, 'மாற்றுக் குறைவு' என்று திருப்பி அனுப்பலாம்.

முன்பு அப்படி இல்லை. கண்டியின் கடைசி மன்னரை ஆங்கிலேயர் 1816-ல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். பாரதி 1908-ல் புதுச்சேரிக்குப் போனார். 1918-ல் வெளியே வந்ததும் கடலூர் அருகே கைது. இவர்கள் யார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிரிக்கே நன்றாகத் தெரியும். இன்றைய அகதியோ, தான் பயந்தது நிஜம் என்று சாட்சி சொல்ல வேண்டும்.

மனுவில் நீங்கள் பாதிக்கப்பட்டவர் மட்டும்தான். அப்பா ஊர்ச் சண்டியர், அவர் அடி தாங்காமல் இயக்கத்துக்கு ஓடினேன், அந்த இயக்கமே என்னைத் தண்டித்தது என்றெல்லாம் எழுதினால் கேஸ் குழம்பிவிடும். மனுவில் எழுத முடியாத இதையெல்லாம்தான் நாவல் எழுதுகிறது. அப்பாவின் பட்டப்பெயர் கொரில்லா. மகன் ரொக்கிராஜ் கெரில்லாவாகப் போயும் அந்தப் பெயர் அவனை விடுவதில்லை. எதிரியை மட்டும் திட்டாமல் தன் பக்கத்தையும் உரைகல்லில் தேய்க்கிற துணிச்சல், அதுவும் சிரிக்க வைத்தபடியே, தமிழில் அபூர்வம்.

குறை? யாழ்ப்பாணப் பேச்சும் இயக்கப் பெயர்களும் நம்மை ஆரம்பத்தில் தடுமாற வைக்கும். அதற்காக மூடிவைத்து விடாதீர்கள். பழகிவிடும்.

ஷோபாசக்திக்கு மனு போட ஒரு நாடாவது இருந்தது. 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று இங்கே தனிச் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை. 2021-ல் தமிழக அரசு, முகாம்களின் பெயரிலிருந்த 'அகதி'யை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால், முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணமாகி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் தங்கள் கதையை யாரிடம் கொண்டுபோய் உரைத்துக் காட்டுவது?

'கொரில்லா' போல ஒரு நாவல் நம் முகாம்களிலிருந்தும் வரவேண்டும். அதில் நம்மைப் பற்றி நாலு வார்த்தை கசப்பாக இருந்தாலும் படித்துத்தான் ஆகவேண்டும்.