நான்காம் விதியோடு ஒரு சண்டை

எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவதோடு எனக்குச் சண்டை. வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்லும் விதி அது. திறந்த அலமாரி, நூற்பட்டியல், இரவல் பதிவு என்று நிமிடம் நிமிடமாக மிச்சம் பிடிக்கிறார். பொறியியல் படித்தவனுக்குப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக நான் போய் நின்ற பல்கலைக்கழக நூலகர் என் நேரத்தைச் சேமிக்கவில்லை.

“இந்த ஒரு கட்டுரை கிடைச்சா போதும் மேடம்.”

“இதை யாராவது மறுத்திருக்காங்களான்னு பாத்தீங்களா தம்பி?”

என்னையே தேடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம். எழுதியவர்களே பின்னால் அந்த அளவீடுகளைத் திருத்தியிருந்தார்கள். என் கணக்கில் பாதி அதன்மேல்தான் நின்றது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை, அது வேறு கதை.

1924இல் மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகராகும்வரை ரங்கநாதன் கணிதம் கற்பித்தவர். விடையை நீட்டினால் மாணவனுக்குக் கணக்கு வராது என்று அவருக்குத் தெரியாதா? இருந்தும் என் வாசிப்பில், நான்காம் விதியின் வாசகர் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்தான். தடுமாறிக் கற்பவர் அல்லர்.

அந்த மதியம் தன் பணிப்பதிவில் எப்படி ஏறியது என்று அந்த நூலகர் பிறகு காட்டினார்: மாணவர் 1, மணி 2.