எச்.டி. என்னும் இரண்டெழுத்து

தஞ்சைப் பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5-ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றபோது, கூட்டத்துக்கு அஞ்சி வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். விமானம் மட்டும் திரையில் நின்றவரையில் படம் மிகத் தெளிவாக இருந்தது. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பி, புனித நீர் தெளிக்கத் தொடங்கியதும் முகங்கள் சிறு சிறு சதுரங்களாகச் சிதறின. திரையின் மூலையில் 'எச்.டி.' என்ற எழுத்து மட்டும் கலங்காமல் நின்றது!

அந்த எழுத்துக்காக நாம் மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். அது எதற்கு உறுதி கூறுகிறது? படப்புள்ளிகளின் எண்ணிக்கைக்கு மட்டுமே. சாதாரணப் படத்தில் அகலவாக்கில் 720, உயரவாக்கில் 576 புள்ளிகள், முழு எச்.டி.யில் 1920, 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு வரும்.

ஆனால் அத்தனை புள்ளிகளின் செய்தியும் அப்படியே வீட்டுக்கு வருவதில்லை. புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 படம் என்று கணக்கிட்டால் நொடிக்கு 124 கோடி பிட் ஆகிறது. ஒரு சேனலுக்கு நொடிக்கு 60 லட்சம் பிட் ஒதுக்கியதாகக் கொண்டால், மூலத்தில் இருநூறில் ஒரு பங்குதான் வந்து சேரும். முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதே இந்தச் சுருக்க முறையின் சாரம். கருங்கல் விமானம் அசைவதில்லை. ஆகவே செலவும் இல்லை. காற்றில் அலைபாயும் சம்பா வயலோ ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கணமும் மாறுவது. பிட் பற்றாத சேனலில் வயல் பச்சைக் களியாகக் குழம்பிவிடும். சேவையைத் தேர்ந்தெடுக்குமுன் நண்பர் வீட்டில் இப்படிப்பட்ட காட்சி ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விற்பவர் காட்டும் அசையாத பூப்படத்தை நம்ப வேண்டாம்.

என் குறை இதுதான்: இந்தப் பிட் அளவை விளம்பரத்திலோ ரசீதிலோ நான் கண்டதில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த ட்ராய் கட்டண முறையும் ஒரு எச்.டி. சேனலை இரண்டு சாதாரணச் சேனலாகக் கணக்கிட்டதோடு நின்றுவிட்டது. நெல்லை விற்கும்போது எடையோடு ஈரப்பதத்தையும் கருவி வைத்து அளக்கிறோம். இங்கே மூட்டையை மட்டும் எண்ணிக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது நம் கண். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, அளவுக்குக் குறைந்த கோணத்தில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரணக் கண்ணால் பிரித்தறிய இயலாது. 32 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 71 செ.மீ. அதை 720-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி சுமார் 1 மி.மீ. இது 11 அடிக்கு அப்பால் ஒரு கலைக்குள் அடங்கிவிடும். முழு எச்.டி.யின் நுண்மையை முழுமையாகக் காணவோ 4 அடிக்கு நெருங்க வேண்டும். (கடையில் கிடைக்கும் 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் 1366 புள்ளிகளே உண்டு.) கூடத்தின் ஒரு கோடியில் பெட்டியும் மறு கோடியில் ஊஞ்சலுமாக உள்ள வீடுகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும்.

கும்பகோணத்தில் நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் எச்.டி. கட்டணம் செலுத்திவந்தார். ஒரு நாள் பெட்டியின் பின்புறம் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய வயர்! அதன் வழியே எச்.டி. படம் செல்லாது, எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். பொருத்தியவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

டிஷ்ஷா, கேபிளா? வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துளிகள் அதைப் பெரிதும் உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. விட்டத்தை 60-இலிருந்து 90 செ.மீ. ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்காகி ஓரளவு தாக்குப்பிடிக்கும். கேபிள் நிலையத்தின் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் 7.5 செ.மீ. அலையை வாங்குவன, மழைக்கு அவ்வளவாக அஞ்சா. ஆனால் கேபிள் வயர் மின்கம்பங்களை நம்பித் தொங்குவது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்ததும், பட்டுக்கோட்டைப் பக்கம் கம்பங்கள் சாய்ந்து கிடந்ததும் நினைவிருக்கும்.

தென்னை மறைக்குமோ என்று தோப்புக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு வரும் ஜிசாட்-15, தஞ்சையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே சுமார் 69 பாகை உயரத்தில் நிற்கிறது. 40 அடித் தென்னையும் 15 அடிக்குள் இருந்தால்தான் தடை. அதற்கு மாதக் கட்டணம் இல்லை. தமிழ்ச் சேனல்கள் மிகக் குறைவு என்பதுதான் குறை.

எங்கள் வீட்டில் 32 அங்குலப் பெட்டி, 12 அடித் தூரம். கணக்குப் போட்டபின் எச்.டி. தொகுப்பை நிறுத்திவிட்டேன். கிரிக்கெட் நாளில் மட்டும் என் மகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முறையிடுகிறான்.