கைத்தடிக்கு எந்த வரிசை?

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ வேலை பார்க்கிற வீடுகளில் இது ஒரு சடங்கு. பேரன் பிறந்தால் அப்பா அம்மாவுக்கு விசா. ஆறு மாதம் குளிர், டயப்பர், தயிர்சாதம். ஊர் திரும்புவதற்குள் ஒரு சுற்றுலா. நயாகரா, இல்லாவிட்டால் ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்ட்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு திட்டம் இருந்து, அம்மாவுக்கு முழங்கால் வலியும் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஸாரி, உட்காருங்கள். ரோலர் கோஸ்டரை விடுங்கள். நான் பேச வந்தது அங்கே ஓடுகிற பஸ்ஸைப் பற்றி.

டிஸ்னி வேர்ல்ட் ஏதோ ஒரு பூங்கா என்று நினைத்துவிடாதீர்கள். 1971ல் திறந்தது. சுமார் 100 சதுர கிலோமீட்டர் இடம். நான்கு பெரிய பூங்காக்கள், இருபதுக்கு மேல் ஓட்டல்கள். மோனோ ரயில் உண்டு, படகு உண்டு, 2019ல் ரோப் கார் கூட வந்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலான ஓட்டல்களுக்கு பஸ்தான் கதி. டிக்கெட் கிடையாது. ராத்திரி வாணவேடிக்கை முடிந்ததும் மொத்த ஊரும் ஒரே நேரத்தில் பஸ் ஸ்டாப்புக்கு வருமே, அங்கேதான் கதை ஆரம்பம்.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அங்கே ராஜ மரியாதை. தனியாகக் காத்திருக்க இடம். பஸ் வந்ததும் டிரைவர் இறங்கி வருவார். சாய்தளம் விரியும். மற்றவர்களுக்கு முன்னால் அவரையும் கூட வந்த குடும்பத்தையும் ஏற்றி, நாற்காலி நகராதபடி பூட்டிவிட்டுத்தான் வரிசைக்குக் கதவு திறக்கும். பேட்டரியில் ஓடுகிற ஸ்கூட்டரில் வந்தாலும் இதே கவனிப்பு. குறை சொல்லவே முடியாது. நிஜமாகவே நல்ல ஏற்பாடு.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1978 ஜூலையில் டென்வர் நகரத்தில் 19 மாற்றுத்திறனாளிகள் நட்ட நடுச் சாலையில் பஸ்களை மறித்து, ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தார்கள். எங்களையும் ஏற்று என்பது ஒன்றுதான் கோரிக்கை. இப்படிப் பல ஊர்களில் மறித்து மறித்துத்தான் 1990ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. இன்றைக்குப் பெரிய பஸ் என்றால் குறைந்தது இரண்டு சக்கர நாற்காலிகளுக்கு இடம் இருந்தாக வேண்டும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். அவர் நடப்பார். மெதுவாக, கைத்தடியோடு. ஆனால் நாற்பது நிமிஷம் ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால் முட்டி வீங்கிவிடும். மூட்டுவலிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், நடப்பதைவிட நிற்பதுதான் கொடுமை. முன்னால் ஏறுகிற உரிமை சக்கரத்துக்குத்தான். கைத்தடி வரிசையில்தான் நிற்க வேண்டும். மனசுள்ள டிரைவர் யாராவது கூப்பிட்டு உட்கார வைக்கலாம். அது அவர் கருணை. முறை என்று எதுவும் இல்லை. ஒருவழியாக ஏறினால் உள்ளே ஸீட் நிரம்பியிருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் ஊசலாட வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு விஷயம். ஒன்று, சக்கர நாற்காலி இல்லாதவருக்கும் படி ஏற முடியாவிட்டால் சாய்தளத்தை இறக்கிக் கொடுக்க வேண்டும். நின்றபடியே அதில் ஏறலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. கேளுங்கள். இரண்டு, முன் ஸீட்டில் இருப்பவரை எழுந்து இடம் கொடுக்கச் சொல்லி டிரைவர் கேட்க வேண்டும். கேட்டால் போதும். அந்த ஆசாமி எழுந்திருக்காவிட்டால் டிரைவர் வற்புறுத்த வேண்டியதில்லை. படிக்கும் ஸீட்டுக்கும் விதி உண்டு. அதற்கு முன்னால் நிற்கிற நாற்பது நிமிஷத்துக்கு? ம்ஹும்.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். வீட்டில் கைத்தடியோடு சமாளிக்கிறவர்கள்கூட இங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. பூங்காவுக்குள் தருகிற ஸ்கூட்டர் வாசலைத் தாண்டக்கூடாது. பஸ் வரிசையோ வாசலுக்கு வெளியே! ஆக, வெளிக் கம்பெனியில் தனியாக எடுத்தால்தான் பஸ் வரைக்கும் வரும். நான் காமர்ஸ் படித்தவன். செலவை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்று பார்ப்பது பழக்கதோஷம். காத்திருக்கும் இடத்தில் நாலு பெஞ்சு போட்டு, கையில் ஒரு டோக்கன் கொடுத்து, முறை வந்ததும் கூப்பிட்டால் தீர்கிற விஷயம். கம்பெனிக்கு அது சில்லறைச் செலவு. அதைச் செய்யாததால் அந்தச் செலவு முட்டிவலிக்காரர் பர்ஸுக்குப் போகிறது.

போதாக்குறைக்கு ஸ்கூட்டர் பெருகப் பெருக, சக்கர நாற்காலியை விட்டு இறங்கவே முடியாதவருக்குத்தான் முதல் அடி. ஒரு பஸ்ஸில் இருப்பது இரண்டு இடம், மிஞ்சிப்போனால் மூன்று. நிரம்பிவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வரிசையில் நிற்பவர்களின் கோபமும் புரிகிறது. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் தள்ளுவண்டியை மடக்கிக்கொண்டு ஒரு அப்பா அரை மணி நேரமாக நிற்கிறார். கண்ணெதிரே ஒருத்தர் ஸ்கூட்டரில் ஜம்மென்று ஏறி, உள்ளே போனதும் எழுந்து நடந்து ஸீட்டில் உட்காருகிறார். டிராமா போடுகிறான் என்று தோன்றாதா? அப்படி ஏமாற்றியவர்களும் உண்டு. 2013ல், வசதியான சில நியூயார்க் குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு டிஸ்னியில் வரிசையைத் தாண்டினார்கள் என்று பத்திரிகையில் வந்து நாறியது. அந்த வருஷமே ரைடுகளுக்கான பழைய சலுகை அட்டையை டிஸ்னி நிறுத்திவிட்டது.

ஆனால் எழுந்து நடப்பதாலேயே ஒருவர் ஏமாற்றுகிறார் என்று ஆகிவிடாது. பத்து அடி நடக்க முடியும், இருநூறு அடி முடியாது என்கிற கால்கள் ஏராளம். இதய நோயாளியை, மூச்சு வாங்குகிறவரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காசு இருந்தால் இந்த வம்பே இல்லை. 2017ல் மின்னி வேன் என்று பொட்டுவைத்த வாடகைக் கார்களை டிஸ்னியே அறிமுகப்படுத்தியது. கட்டணத்தைக் கட்டினால் வரிசையும் கிடையாது, முறைப்பும் கிடையாது.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு யோசனை. வாணவேடிக்கை முடிவதற்குக் கால் மணி முன்பே வாசலைப் பார்த்து நடையைக் கட்டுங்கள். கடைசி வெடியை வழியில் திரும்பிப் பார்த்தால் தெரியும். இல்லையென்றால் வெளிக் கம்பெனி ஸ்கூட்டருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சில கம்பெனிகள் ஓட்டலுக்கே கொண்டுவந்து தருகின்றன. “நான் என்ன நடக்க முடியாதவளா?” என்று கேட்கிற அம்மாவை அதில் எப்படி உட்கார வைப்பது என்பது உங்கள் சாமர்த்தியம்.